வண்டல் ஆப்பு

செந்தாமரைக்கு நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. ஏழாம் வகுப்போடு அவள் பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வறுமை, தம்பிகள், தூரம் என்று வீட்டில் பல காரணங்கள் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அவளைக் கேட்டால், கணக்கு வாத்தியார் திடீரென்று பெயர் சொல்லி எழுப்புவாரே, அந்தப் பயம்தான் முதல் காரணம் என்பாள். பதில் தெரிந்திருக்கும். எழுந்து நிற்கத்தான் தெரியாது.

குடவாசலுக்குத் தெற்கே வாய்க்கால் கரையில் நாற்பது வீடுகள். அதில் ஒன்று அவளுடையது. பதினைந்து வயதிலிருந்து நடவு நட்டாள். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்ததற்குக் காரணம், எல்லோரும் குனிந்தே நிற்பார்கள், யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பதுதான். பிறகு நடவு மிஷின் வந்தது. முப்பது பேர் நட்ட வயலில் மூன்று பேர் நின்றார்கள். அந்த மூன்று பேரும் வாய் ஓயாமல் பேசுகிறவர்களாக இருந்தார்கள். முதலாளிக்கு முதலில் ஞாபகம் வருவது அப்படிப்பட்டவர்கள்தானே.

அவள் விறகுக்கு வந்தது தற்செயல். குடவாசல் பள்ளிவாசல் தெருவில் ஜன்னத் பீவி வீட்டுக் கொல்லையில் ஒரு புளியமரம் காற்றில் சாய்ந்தது. மரமறுக்கிறவர்கள் வந்து அடிமரத்தை அறுத்து எடுத்துக்கொண்டு, கிளைகளை அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். அடுப்புக்கு ஆகிற மாதிரி பிளந்து கொடுக்க ஆள் தேடினார்கள். ஆண்கள் யாரும் சின்ன வேலைக்கு வரவில்லை. பாத்திரம் கழுவப் போன செந்தாமரை, ஒரு துண்டை எடுத்து நிறுத்தி, கொல்லையில் கிடந்த துருப்பிடித்த கோடாலியால் ஒரு போடு போட்டாள். துண்டு இரண்டாகப் பிரிந்து விழுந்தது. அவளுக்கே ஆச்சரியம். மரத்துக்கு முகம் கிடையாது. கேள்வியும் கேட்காது.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு சொந்தக் கோடாலி வேண்டும் என்று ஆசை வந்தது. ஆளுயரக் காம்பு போட்ட பெரிய கோடாலி இல்லை. ஒரு கையால் வீசக்கூடிய, முழங்கை நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காம்பு வைத்த கைக்கோடாலி.

முதலில் வாங்கியதைப் பற்றி அவள் யாரிடமும் சொல்வதில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில், தலைக்கு நீலப் பெயிண்ட் அடித்து, காம்புக்கு வார்னிஷ் போட்டு, பளபளவென்று தொங்கியது. நிறத்தைப் பார்த்து வாங்கினாள். ஒரு கண்டாங்கிச் சேலையை எடுத்துப் பார்க்கிற அதே கண்ணால் கோடாலியையும் பார்த்திருக்கிறாள். மூன்றாம் நாள் ஒரு கணுவில் போட்டபோது அதன் வாய், அதாவது வெட்டுகிற விளிம்பு, அப்பளம் மாதிரி மடங்கியது.

இரண்டாவது தடவை நேராகக் கொல்லர் தங்கையன் பட்டறைக்குப் போனாள். பட்டறையில் கோடாலித் தலைகளை மட்டும் அடித்துத் தரையில் சாக்கு விரித்துப் பரப்பியிருப்பார்கள். காம்பு நம் பாடு. செந்தாமரை குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மரமறுக்கிறவர்கள் செய்வதைப் பார்த்து வைத்திருந்தபடி ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒன்றை ஒன்றால் தட்டிக் காதருகே வைத்துச் சத்தம் கேட்டாள். மணி மாதிரி நீண்டு ஒலித்தால் உள்ளே விரிசல் இல்லை. சட்டென்று அடங்கினால் சந்தேகம். காம்பு நுழைகிற ஓட்டைக்குள் ஒற்றைக் கண்ணை வைத்து, வாயும் ஓட்டையும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பார்த்தாள். வாய்ப் பக்கம் அரத்தால் லேசாக இழுத்துப் பார்த்தாள். அரம் வழுக்க வேண்டும், ஆனால் கொஞ்சமாவது கடிக்க வேண்டும். சுத்தமாக வழுக்கினால் இரும்பு மொறமொறவென்று இருக்கிறது, கல் பட்டால் பல்லாகத் தெறிக்கும். வெண்ணெய் மாதிரி கடித்தால் நீலப் பெயிண்ட் கதைதான்.

முதல் நாள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாள். இரண்டாம் நாளும் வந்தாள். மூன்றாம் நாள் தங்கையன் துருத்தி மோட்டாரை நிறுத்திவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

"ஏம்மா, பொண்ணு பாக்க வர்றவங்ககூட காப்பிய குடிச்சிட்டு ஒரு பதில சொல்லிட்டுப் போவாங்க. நீ மூணு நாளா பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுட்டுப் போற மாதிரியே போறியே."

செந்தாமரைக்கு முகம் சிவந்துவிட்டது. கையில் இருந்ததையே எடுத்துக்கொண்டாள். நல்ல வேளை, அது நல்லதாக இருந்தது. பழைய லாரியின் வில்லுப் பட்டையில் அடித்தது. முக்கால் கிலோ கனம்.

"காம்பு பச்சையா போட்ராத," என்றார் தங்கையன். "வெட்டி நெழல்ல மூணு மாசம் போடு. காஞ்ச பிற்பாடு மாட்டு. காயாதது சுருங்கும், தலை ஆடும்."

அவள் தலையை ஆட்டினாள். அவள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுவாள். வீட்டுக்குப் போய் வாய்க்கால் கரைப் பூவரசில் ஒரு கொம்பை வெட்டி, பட்டை உரித்து, உடைந்த கண்ணாடித் துண்டால் வழவழவென்று சுரண்டி, பத்தாம் நாள் தலையை மாட்டி, காம்பு நுனிப் பிளவில் ஆப்பும் அடித்துவிட்டாள். தொண்ணூறு நாள் காத்திருப்பதென்றால் சும்மாவா? தலை வேறு அவ்வளவு அழகாக இருந்தது.

அதைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டாள் என்று சொன்னால் அவள் பெற்ற பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். வேலை முடிந்ததும் புளிப் பிசினைத் துடைப்பாள். அரத்தால் இந்தப் பக்கம் பத்து இழுப்பு, அந்தப் பக்கம் பத்து இழுப்பு, பிறகு சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்து மெல்லத் தேய்ப்பாள். ஒரு வைக்கோல் தாளைத் தொங்கவிட்டுக் கோடாலி வாயால் தொட்டால் அறுந்து விழ வேண்டும், அதுவரை விடமாட்டாள். விளக்கெண்ணெய் தடவி, பழைய சைக்கிள் டியூபை வெட்டி வாய்க்கு உறை போட்டு, உத்திரத்துக்கு அடியில் சொருகி வைப்பாள். பின்பக்கத்தால் ஆணி அடிக்கக் கேட்டால் தரமாட்டாள். தேங்காய் உடைக்கக்கூடத் தரமாட்டாள்.

ஆனால் ஆடிக் காற்று வீசத் தொடங்கியதும் தலை ஆடியது. ஒரு மயிரிழை அளவுதான் ஆட்டம். அவள் ஊரில் இதற்கெல்லாம் யாரும் பட்டறைக்குப் போவதில்லை. மண்வெட்டி ஆனாலும் கோடாலி ஆனாலும் வாய்க்கால் தண்ணீரில் ஒரு பொழுது ஊறப்போடுவார்கள். காம்பு ஊறி உப்பி இறுகிக்கொள்ளும். இரண்டு நாள் கழித்துக் காய்ந்து மறுபடி ஆடினால் மறுபடி வாய்க்கால். காவிரி வருகிற வரைக்கும் கவலை இல்லை.

இதில் அவள் கணவன் புகழேந்திக்கு வேறு கருத்து இருந்தது. புகழேந்தி அறுவடை மிஷின் ஓட்டுகிறவன். அறுவடை இல்லாத மாதங்களில் கட்டிலில் படுத்து போனில் வீடியோ பார்ப்பான். மனைவி கோடாலி வாங்கியதிலிருந்து அவனுக்குக் கோடாலி வீடியோக்களாக வந்துகொண்டிருந்தன. எங்கேயோ பனிக்காட்டில் ஒரு வெள்ளைக்காரன், கூடாரத்துக்கு முன்னால் உட்கார்ந்து, தோல் உறையிலிருந்து கைக்கோடாலியை எடுத்து, எண்ணெய் தடவி, மடியில் வைத்துக் கொஞ்சுவான். புகழேந்தி கோடாலியைக் கையால் தொட்டதில்லை. ஆனால் எல்லாம் தெரியும்.

"தாமர, தண்ணியில ஊறப்போடக் கூடாதாம். உள்ள நாரு நசுங்கிப் போயிடுமாம். காய்ஞ்சா முன்னவிட லூசாயிடுமாம். ஆப்புதான் மாத்தணுமாம்."

"யாரு சொன்னா?"

"இவன்தான்," என்று போனைக் காட்டினான்.

"அவன் ஊர்ல வாய்க்கா இருக்கா?"

"பனிதான் இருக்கு."

"அப்ப அவனுக்கு என்ன தெரியும்?"

வெளியே வாய் பேசாதவள் வீட்டுக்குள் இப்படித்தான் பேசுவாள். அவன் சொன்னது சரியாக இருக்கக்கூடும் என்று அவளுக்கு ஒரு நொடி தோன்றியது. ஆனால் படுத்துக்கொண்டே சொல்கிறவன் பேச்சைக் கேட்பதா?

இந்தச் சமயத்தில்தான் அவள் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெருமை பேசினாள்.

ஜன்னத் பீவியின் மகள் அனீஸாவுக்கு ஆவணியில் கல்யாணம் குறித்திருந்தார்கள். விருந்து பேச அப்துல் ஹமீது வந்தார். அந்தப் பக்கத்தில் கல்யாணங்களுக்குப் பிரியாணி ஆக்குகிற பண்டாரி அவர். திருவாரூர் முதல் கும்பகோணம் வரை அவர் தேக்சா ஏறாத தெரு இல்லை என்பார்கள். தேக்சா என்றால் ஆள் உள்ளே உட்கார்ந்து குளிக்கிற அளவுக்குப் பெரிய சோற்றுப் பாத்திரம். கேஸ் அடுப்பு அவருக்கு ஆகாது. கொல்லைப் பக்கம் கை கழுவப் போனவர், செந்தாமரை அடுக்கி வைத்திருந்த விறகைப் பார்த்து அப்படியே நின்றார். விரல் கனம் ஒரு அடுக்கு, மணிக்கட்டு கனம் ஒரு அடுக்கு, தொடை கனம் ஒரு அடுக்கு.

"யாரு பொளந்தது இது?"

ஜன்னத் பீவி, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த செந்தாமரையைக் காட்டினார்.

"மரமறுக்குற சாமில்காரனுவ எல்லாத்தையும் ஒரே தடிமன்ல போட்டுட்டுப் போயிடுவானுவ. தம் போடுறதுக்கு எனக்கு மூணு தினுசும் வேணும். சின்னது பத்த வைக்க, நடுவுது கொதிக்க, பெருசு தணலுக்கு. இந்தக் கல்யாணத்துக்கு நீ பொளந்து தர்றியாம்மா? சரியா இருந்தா அப்புறம் நம்ம தேக்சா ஏறுற எடமெல்லாம் நீயே வந்துடு. ஆனா சொல்லிட்டேன், நடுவுல கோடாலி ஒடஞ்சிச்சு, காம்பு போச்சுன்னு நிக்கக் கூடாது. அடுப்பு பத்துனா பத்துனதுதான்."

தலையை ஆட்டினால் போதுமாக இருந்தது. செந்தாமரை என்ன செய்தாள் என்றால், எழுந்து நின்றாள். சோப்புக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"பாய், கோடாலிய பத்தி எங்கிட்ட கேளுங்க. நானே பாத்து வாங்குனது. என் கோடாலி தலை ஒருநாளும் ஆடாது."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது தான்தான் என்று அவளுக்குப் புரிந்தது. இருபத்தைந்து வருஷம் கழித்து எழுந்து நின்று பதில் சொல்லியிருக்கிறாள், அதுவும் தப்பான பதில். தலை அன்று காலைகூட ஆடியது.

ஆனாலும் வீட்டுக்கு மிதந்துகொண்டேதான் போனாள். ஹமீது பாயின் தேக்சா மாதத்துக்கு ஆறு ஏழு கல்யாணத்துக்கு ஏறும். நாற்று வரிசைக்குக் கூப்பிடுவார்களா என்று காலையில் வாசலில் நிற்க வேண்டாம். கொல்லையின் ஓரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, தன் பாட்டுக்குப் பிளந்துகொண்டிருக்கலாம். அவளுக்கென்றே தைத்த சட்டை மாதிரி ஒரு வேலை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் கோடாலியைச் சணல் கயிற்றில் கட்டி, வாய்க்காலில் தலைகீழாக இறக்கி, கயிற்றைப் பூவரச வேரில் முடிந்தாள். தண்ணீர் இடுப்பளவு ஓடியது. பகலெல்லாம் ஊறட்டும், சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம் என்று நாற்றுப் பறிக்கப் போனாள்.

அவள் மறந்தது ஒன்றே ஒன்று. ஆற்றில் தண்ணீர் குறைந்ததால் அந்த மாதம் முறை வைத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறு நாள் அவர்கள் வாய்க்காலுக்கு, ஆறு நாள் அடுத்த வாய்க்காலுக்கு. அன்று ஆறாவது நாள் முடிந்து ஏழாவது நாள். அவள் வயலில் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் தலைமதகை அடைத்துவிட்டார்கள். பத்து மணிக்கு வாய்க்கால் வடிந்தது. பன்னிரண்டு மணிக்குச் சேறு. ஆவணி வெயில் பகல் முழுக்கக் கோடாலியின் மேல் அடித்தது.

சாயங்காலம் வந்து பார்த்தவள் அவசரமாக வாய்க்காலுக்குள் இறங்கினாள். கோடாலி வாய்க்காலின் அடியில் வண்டல் பூசிக்கொண்டு, வெயிலில் உலர்ந்த கருவாடு மாதிரி கிடந்தது. எடுத்தாள். தலையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள்.

ஆடவில்லை.

இன்னொரு தடவை, பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டினாள். அசையவே இல்லை. கல்லில் குத்தினாள். கெட்டியாக நின்றது. செந்தாமரைக்கு ஒரே சந்தோஷம். காலையில் ஊறிய ஊறலே போதும்போல என்று நினைத்துக்கொண்டாள். மேலோடு ஈரத் துணியால் துடைத்து, வாயைத் தீட்டி, எண்ணெய் போட்டு வைத்தாள். தலைக்கும் காம்புக்கும் நடுவிலிருந்த சந்துக்குள் வாய்க்கால் வண்டல் போய் நிறைந்து, வெயிலில் சுட்ட செங்கல் மாதிரி இறுகியிருந்ததை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும், அதைத் தன் சாமர்த்தியம் என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பாள்.

மறுநாள் விடிந்ததும் ஜன்னத் பீவி வீட்டுக் கொல்லைக்குப் போய்விட்டாள். விறகு வண்டி முந்தின நாள் அந்தியில்தான் வந்து இறக்கியிருந்தது. புளியும் சவுக்கும் மலையாகக் கிடந்தன. பந்தலின் கீழே மூன்று அடுப்பு. ஒரு பக்கம் பத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் ஒரு பெண் முக்காலியில் உட்கார்ந்து தேக்சா மூடிகளைக் கழுவிச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தாள். ஹமீது பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பகல் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளிவாசலிலிருந்து வருவதற்குள் தம் உடைத்துத் தேக்சாவைத் திறந்துவிட வேண்டும் என்று எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார்.

செந்தாமரை முதுகைக் காட்டி உட்கார்ந்து பிளந்தாள். முதல் அடுப்புக்கானது முடிந்தது. ஹமீது பாய் வந்து பார்த்து, "ம்," என்றார். அவரிடமிருந்து அதுவே பெரிய வார்த்தை என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். இரண்டாவது அடுப்புக்கானதில் பாதி முடிந்தது. ஒவ்வொரு போட்டுக்கும் காம்பின் தலையிலிருந்து மாவு மாதிரி எதுவோ உதிர்ந்தது. புளியின் தூசி என்று ஊதிவிட்டுக்கொண்டாள். புளியின் தூசி சாம்பல் நிறத்தில் இருக்காது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு நேரமில்லை. "ம்," என்ற அந்தச் சத்தம் காதிலேயே நின்றது. பெரிய தொடைக் கனத் துண்டு ஒன்றை நிறுத்தி, எழுந்து நின்று கையை நன்றாக ஓங்கி, இதுவரை போடாத போடு போடப் போனாள்.

ஓங்கிய கை லேசாகிவிட்டது.

கோடாலித் தலை அவள் தோளுக்குப் பின்னால் பறந்தது. கொல்லையைத் தாண்டி, சாய்த்து வைத்த தேக்சா மூடியில் போய் இடித்தது. பெரிய கோயில் மணி அடித்தாற்போல ஒரு சத்தம். அது அடங்க வெகுநேரம் ஆயிற்று. வெங்காயம் அரிந்த பத்துப் பேரும் திரும்பினார்கள். பந்தலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். மாடி ஜன்னலில் மருதாணிக் கையோடு அனீஸாகூட எட்டிப் பார்த்தாள். வெறுங் காம்பைத் தலைக்கு மேல் தூக்கியபடி செந்தாமரை எல்லோருக்கும் நடுவில் நின்றாள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவள் இவ்வளவு நேரம் நின்றதில்லை.

மூடிகளைக் கழுவிக்கொண்டிருந்த பெண் குடத்தை எடுக்க அப்போதுதான் எழுந்து போயிருந்தாள். அவள் உட்கார்ந்திருந்த முக்காலி அந்த மூடிக்குப் பக்கத்திலேயே காலியாக இருந்தது. செந்தாமரை அதைப் பார்த்தாள். காம்பை மெல்லக் கீழே இறக்கினாள்.

ஹமீது பாய் கரண்டியோடு வந்தார். ஜன்னத் பீவியும் ஓடிவந்து கேட்டார்.

"யா அல்லா, யாருக்கும் படலியே? என்னம்மா ஆச்சு? அந்தப் பட்டறைக்காரன் ஏமாத்திட்டானா ஒன்ன? அப்பவே நெனச்சேன். இப்ப வர்ற இரும்பு எதுவும் சரியில்ல. அப்படித்தானே?"

பதில் தயாராகவே வந்து சேர்ந்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டினால் போதும். வாழ்நாள் முழுக்கத் தலையாட்டிப் பழகியவளுக்கு அது ஒரு வேலையே இல்லை. ஆட்டினால் ஹமீது பாய் பட்டறையைத் திட்டுவார், அவளைத் திட்டமாட்டார். வேறு கோடாலி வாங்கிக்கொள் என்பார். அடுத்த கல்யாணத்துக்கு வா என்றாலும் என்பார்.

தலை அரை அங்குலம் கீழே போயும்விட்டது. அப்போது மறுபடி அந்த முக்காலி கண்ணில் பட்டது.

"இல்லம்மா," என்றாள். குரல் வெளியே வரவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். "இல்லம்மா. தங்கையண்ண மேல தப்பு இல்ல. அவரு பச்சைக் காம்பு போடாதன்னு சொன்னாரு. நான் போட்டேன். தலை ஆடிச்சு. வாய்க்கால்ல ஊறப்போட்டேன். தண்ணிய நிறுத்திட்டாங்க. வண்டல் புகுந்து காஞ்சு கெட்டியா நின்னுது. நான் எறுகிடுச்சுன்னு நெனச்சு எடுத்துட்டு வந்துட்டேன்."

ஹமீது பாய் கீழே கிடந்த தலையை எடுத்து, ஓட்டைக்குள் விரலை விட்டார். விரல் நுனியில் சாம்பல் நிற மண் வந்தது.

"மரத்துல ஆப்பு வச்சுப் பாத்திருக்கேன், இரும்புல வச்சுப் பாத்திருக்கேன்," என்றார். "காவேரி வண்டல்ல ஆப்பு வச்சு நீதான்மா வந்திருக்க. அன்னிக்கி என்ன சொன்ன? என் கோடாலி தலை ஒருநாளும் ஆடாது! வாஸ்தவம். ஆடல. நேரா பறந்துட்டுது."

வெங்காயக் கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி, பந்தல் முழுக்கப் பரவியது. செந்தாமரைக்குப் பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. பூமியைப் பிளக்கவும் கோடாலி இல்லை.

ஹமீது பாய் சிரிக்கவில்லை. மணி பார்த்தார். இரண்டாவது அடுப்புக்குத் தென்னை மட்டையும் கொட்டாங்கச்சியும் பொறுக்கிப் போடச் சொல்லிவிட்டு, சாமில்லுக்குப் போன் போட்டார். அங்கே யாரும் எடுக்கவில்லை.

"அரை மணி நேரம்," என்றார் அவளைப் பார்க்காமல். "அதுக்கு மேல மட்டை தாங்காது. முடியுமா, முடியாதா?"

செந்தாமரை பதில் சொல்லவில்லை. ஒரு பதில் சொல்லிப் பட்டது போதும். விறகுக் குவியலில் கையை விட்டு, நன்றாகக் காய்ந்த புளியின் வைரம் பாய்ந்த துண்டாகப் பார்த்து ஒன்றை எடுத்தாள். சீவுவதற்குக் கத்தி வேண்டும். ஹமீது பாயின் கறிக் கத்தியைப் பார்த்தாள். அவர் அதை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் வெங்காயம் அரிகிற பெண்களுக்கு நடுவே போய், ஒரு அரிவாள்மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"யம்மா, அது எங்க மாமியா சீதனமா கொண்டாந்த அருவாமனை," என்றார் ஜன்னத் பீவி.

"தீட்டித் தந்துடறேம்மா."

"தீட்டு, தீட்டு. வண்டல்ல போட்டு ஊற மட்டும் வைக்காத."

மறுபடி சிரிப்பு. பத்துப் பெண்கள் வெங்காயம் அரிந்தார்கள், பதினோராவது ஆள் புளியங்கட்டை அரிந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. வெங்காயம் பக்கத்தில் இருந்ததால் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காம்பின் தலையிலிருந்த பழைய ஆப்பைப் பிடுங்கிப் போட்டாள். ஓட்டைக்குள்ளிருந்த மண்ணைக் குச்சியால் கிண்டி, அடுப்புச் சாம்பலால் தேய்த்துத் துடைத்தாள். தலையை மாட்டி, காம்பைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பக்கத்தைக் கல்லால் ஓங்கி ஓங்கி அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் தலை தானாகவே மேலே ஏறி இறுகியது. பிறகு புதிய ஆப்பைப் பிளவில் வைத்து, அம்மிக் குழவியால் அடித்தாள். முன்னைவிட ஒரு விரல்கடை அகலமான ஆப்பு. மேலே நீட்டிக்கொண்டிருந்ததைச் சீவிவிட்டாள்.

எழுந்து நின்று தலையை ஆட்டிப் பார்த்தாள். நேற்றும் ஆடவில்லை என்று ஞாபகம் வந்ததால், சுவரோரமாகப் போய், யாரும் இல்லாத பக்கம் பார்த்து, ஒரு மரமுண்டில் இருபது போடு போட்டாள். உதிரவில்லை. அசையவில்லை. அதற்குப் பிறகுதான் ஆட்களிடம் வந்தாள். இருபத்தெட்டு நிமிஷம் ஆகியிருந்தது என்று ஹமீது பாய் பிறகு சொன்னார். அவளுக்கு அது ஒரு நெல் போகம் அளவுக்கு நீண்டது.

பகல் தொழுகை முடிந்து ஆட்கள் வந்தபோது இரண்டு தேக்சாவில் தம் உடைத்தாகிவிட்டது. மூன்றாவது கால் மணி நேரம் தாமதம். பந்தியில் இருந்தவர்களுக்கு அது தெரியாது. ஹமீது பாய்க்குத் தெரியும்.

எல்லோரும் சாப்பிட்ட பிறகு அவர் கை கழுவிக்கொண்டு வந்தார். செந்தாமரை அரிவாள்மணையைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"வர்ற ஞாயித்துக்கெழம கொரடாச்சேரியில ஒரு கல்யாணம். அதுக்கு சாமில்காரனையே வரச் சொல்லிட்டேன். தப்பா நெனச்சுக்காதம்மா. நீ மறைக்காம சொன்ன, அது பெரிய விஷயம். ஆனா அடுப்பு காத்துக்கிட்டு நிக்காது பாரு."

அவள் தலையை ஆட்டினாள். நியாயம்தான். அவர் திரும்பி நாலு எட்டு நடந்துவிட்டார்.

"பாய்."

கூப்பிட்டது தான்தான் என்று இந்தத் தடவை அவளுக்குத் தெரிந்தே இருந்தது. எழுந்து நின்றாள்.

"சாமில்காரன் எல்லாத்தையும் ஒரே தடிமன்ல போட்டுட்டுப் போவான். சின்னது யாரு பொளப்பா?"

ஹமீது பாய் நின்றார். தாடியைத் தடவினார். கொல்லையில் மிச்சமிருந்த விறகைப் பார்த்தார். அப்போதும் அது மூன்று அடுக்காகவே இருந்தது.

"காலையில அஞ்சரைக்கு வேன் குடவாசல் பஸ் ஸ்டாண்டுக்கு வரும்," என்றார். "லேட்டா வந்தா விட்டுட்டுப் போயிடுவேன்."

இப்போது செந்தாமரை அந்த வேனில் போகத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகிறது. பூவரசங் கொம்பு வெட்டி, மூன்று மாதம் நிழலில் போட்டு, நாளை எண்ணிக் காயவைத்து, புதுக் காம்பு மாட்டிவிட்டாள். வாய்க்கால் பக்கம் கோடாலியை எடுத்துப் போவதே இல்லை. தண்ணீரே குடிக்காமல் வளர்க்கிறாள். புகழேந்தி கட்டிலில் படுத்தபடி, "நான் அன்னிக்கே சொன்னேன்," என்று வாரத்துக்கு ஒரு தடவை சொல்கிறான். அதை மட்டும் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

எந்த ஊரில் தேக்சா ஏறினாலும், அடுப்புப் பற்றவைக்கும் முன்னால் ஹமீது பாய் அவளிடம் வருவார். ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டுவார். கோடாலியை வாங்கி, எல்லோரும் பார்க்க, தலையைப் பிடித்து நாலு ஆட்டு ஆட்டுவார். காம்பின் தலையைக் கட்டை விரலால் தேய்த்து, மண் வருகிறதா என்று விரலைப் பார்ப்பார். சமையல் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். விஷயம் தெரியாத புது ஆளுக்குப் பக்கத்தில் இருக்கிறவன் கதை முழுவதையும் சொல்வான்; ஒவ்வொரு ஊரிலும் கோடாலி இன்னும் கொஞ்சம் தூரம் பறக்கும். கொரடாச்சேரியில் அது மூடியில் பட்டது. சீர்காழிக்குப் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளையின் காரில் பட்டிருந்தது.

செந்தாமரை அதுவரை வேறு எதையோ தேடுகிற மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவர் கோடாலியைத் திருப்பிக் கொடுத்து, "ம்," என்பார். அதற்குப் பிறகுதான் உட்காருவாள், எல்லோருக்கும் முதுகைக் காட்டி.